சாலைக்கு அந்தப் பக்கம்

2024 மே மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள் காலை அவரை நடைக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் குடியிருப்பது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்துக்கு மேற்கே, நார்த் பெத்தனி என்கிற இடத்தில். வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஊர் சட்டென்று நின்றுவிடும். வீடுகள் குறைந்து குறைந்து, நடுவில் ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு காலிமனை என்று மெல்லக் கரைவதெல்லாம் இல்லை. சாலையின் இந்தப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய மூன்று மாடி வீடுகள். அந்தப் பக்கம் வயல். அந்த வாரம் வயல் முழுக்கக் கிரிம்சன் குளோவர் பூத்திருந்தது. விதைக்காகப் பயிரிடும் ஒருவகைத் தீவனச் செடி. பூத்தால் குங்குமத்தைக் கொட்டிப் பரப்பினதுபோல் இருக்கும். நம்மூர்க் குடும்பங்கள் பட்டுப்புடவையோடு வந்து ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அப்பா பூவைப் பார்க்கவில்லை. குனிந்து ஓரத்து மண்ணைக் கிள்ளி, விரலால் நசுக்கிப் பார்த்தார். நிமிர்ந்து பின்னால் இருந்த வீடுகளைப் பார்த்தார். மறுபடி வயலைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் வீடு வந்தாச்சு. இதை மட்டும் ஏன்டா பிளாட் போடாம விட்டு வெச்சிருக்கான்?"

"போடக் கூடாதுப்பா. இங்க ஒரு கோடு இருக்கு."

"கோடா? எங்க?" என்று தரையில் தேடினார்.

அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த மாதங்கள் முழுக்க, சாப்பிடும்போதும் நடக்கும்போதும் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் தேடிப் படித்துப் படித்துச் சொன்னேன். அப்படிச் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் விடாமல் கேட்டதற்குக் காரணம் உண்டு. வாலாஜாபாத் பக்கம் எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. 2007-ல் எங்களுக்கு மேற்கே இருந்த வயல்களை ஒருவர் மொத்தமாக வாங்கினார். ஒரே மாதத்தில் வெள்ளையும் மஞ்சளும் அடித்த கற்கள், கலர் கொடிகள், வாசலில் ஒரு வளைவு. மதகிலிருந்து வரும் கால்வாய் அந்த நிலத்தைத் தாண்டித்தான் எங்கள் வயலுக்கு வரவேண்டும். அதைத் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். அப்பா மனு எழுதி எழுதிக் கொடுத்தார். இரண்டு போகம் பக்கத்துக் கிணற்றிலிருந்து காசு கொடுத்துத் தண்ணீர் இறைத்தார். மூன்றாம் போகத்துக்கு முன்னால் விற்றுவிட்டார். வாங்கியவரும் மனை போடுகிறவர்தான். இன்றைக்கும் அந்த மனைகளில் பாதிக்குமேல் வீடு இல்லை; சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. ஒரு வயலை விற்றால் ஒரு வயல்தான் போகும் என்று நினைக்கிறோம். அது கால்வாயையும் பக்கத்து வயலையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம்முடைய நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். நான் சொல்லப்போகும் ஆரிகன் சட்டத்துக்கு இரண்டு வயது மூத்தது. இருந்தும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு கையெழுத்தைக் காட்டியே எத்தனையோ மனைகள் விற்றுப்போயின. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று தடுத்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் சரியாகிவிடும் என்றாயிற்று. இதையெல்லாம் பார்த்தவரிடம் போய் "கோடு இருக்குப்பா" என்று சொன்னால் தரையில்தான் தேடுவார்.

ஆரிகனில் இந்தக் கோட்டைக் கேட்டு முதலில் அலைந்தவர் ஒரு பால்பண்ணைக்காரர். இதைச் சொன்னதும்தான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் பெயர் ஹெக்டர் மக்பெர்சன். லின் கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) பண்ணை வைத்திருந்தவர். ஆரிகனின் மக்களில் பெரும்பகுதி வசிப்பதும், மாநிலத்தின் மிக நல்ல மண் கிடப்பதும் ஒரே இடத்தில்தான்: வில்லாமெட் பள்ளத்தாக்கு. பனியுகத்தின் முடிவில் மிசூலா வெள்ளங்கள் அடித்துக்கொண்டு வந்து படியவிட்ட வண்டல் அது. நகரத்துக்கும் வயலுக்கும் ஒரே நிலத்தின் மேல்தான் கண். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீடுகள் பண்ணைகளுக்கு நடுவே தெளித்தாற்போல் முளைக்க ஆரம்பித்தன. வீட்டுக்காரர்கள் உரநாற்றம், தூசி, டிராக்டர் சத்தம் என்று புகார் சொன்னார்கள். பண்ணைக்காரர்களுக்கு நிலத்தின் விலையும் வரியும் ஏறின. மக்பெர்சனுக்கு இது ஏட்டில் படித்த விஷயம் இல்லை, வேலிக்கு வெளியே நடந்தது.

1970-ல் மாநில செனட்டுக்குத் தேர்வானார். குடியரசுக் கட்சிக்காரர். நிலப் பயன்பாட்டை ஆராய ஒரு குழு வேண்டும் என்று கேட்டார், சட்டமன்றம் கொடுக்கவில்லை. அவரே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுநர் அலுவலகத்தின் உதவியோடு ஒரு குழுவை நடத்தி, சட்ட முன்வரைவை எழுதவைத்தார். அப்போதைய ஆளுநர் டாம் மக்கால். அவரும் குடியரசுக் கட்சிதான். அரசியலுக்கு வருமுன் தொலைக்காட்சிச் செய்தியாளர். வில்லாமெட் ஆறு சாக்கடையாகிக் கிடந்ததைப் படம் எடுத்து 1962-ல் மக்கள் முன் வைத்தவர். 1973 ஜனவரி 8 அன்று சட்டமன்றத்தில் அவர் பேசிய பேச்சை ஆரிகனில் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். கிழக்கே புதர்க்காட்டில் போடும் மனைகள், கடற்கரையில் எழும்பும் அடுக்குமாடி மோகம், வில்லாமெட் பள்ளத்தாக்கில் புறநகரின் கொள்ளைப் பசி என்று மூன்றையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார்.

செனட் மசோதா 100 அந்த ஆண்டு மே 29 அன்று கையெழுத்தானது. அது வந்த வழி நேரானதில்லை. மாநிலமே மண்டலம் மண்டலமாகத் திட்டமிடும் என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். கவுன்டிகள் ஒத்துக்கொள்ளவில்லை. எல்.பி. டே என்கிற தொழிற்சங்கத் தலைவர் ஒரு சிறு குழுவோடு உட்கார்ந்து அதைப் பிரித்துத் தைத்தார். திட்டத்தை நகரமும் கவுன்டியுமே போடட்டும். ஆனால் மாநிலம் வகுக்கும் இலக்குகளுக்கு ஒத்துப்போகிறதா என்று ஏழு பேர் கொண்ட ஒரு மாநில ஆணையம் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். எழுதுவது ஊர், திருத்துவது மாநிலம். அந்த இலக்குகளை வகுக்க ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்து பேசினார்கள். 1976-க்குள் 19 இலக்குகள் உருவாயின. மக்களைக் கேட்டுச் செய்வதுதான் 1-ஆம் இலக்கு. 3-ஆம் இலக்கு விவசாய நிலம். 10-ஆம் இலக்கு வீடு. 14-ஆம் இலக்கு நகரமாதல். அப்பா தேடிய கோடு அந்தப் பதினாலில் இருக்கிறது.

ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு நகர வளர்ச்சி எல்லை வரைய வேண்டும். உள்ளே 20 வருஷத்து வளர்ச்சிக்குப் போதுமான நிலம் இருக்க வேண்டும். வெளியே பயிரும் காடும். கோடு நகரலாம், ஆனால் தேவையை நிரூபித்துத்தான் நகர வேண்டும். போர்ட்லண்டைச் சுற்றியுள்ள மூன்று கவுன்டி, 24 நகரங்களுக்குச் சேர்த்து ஒரே கோடு. அதைப் பார்த்துக்கொள்வது மெட்ரோ என்கிற, மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம். இப்போது ஆறு வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறார்கள்.

"சரி, கோட்டுக்கு வெளிய இருக்கிறவனுக்கு நஷ்டம்தானே?" என்றார் அப்பா. அவருடைய கேள்வி எப்போதும் வெளியே இருக்கிறவனைப் பற்றித்தான்.

அவனுக்கும் சில ஏற்பாடு உண்டு. சட்டத்துக்கு முன்பே, 1960-களின் தொடக்கத்திலேயே, விவசாயம் நடக்கும் நிலத்துக்கு விளைச்சல் மதிப்பில் வரி என்று வந்துவிட்டது. பக்கத்தில் பங்களா வந்தாலும் வயலுக்கு வரி ஏறாது. பண்ணைத் தூசி, சத்தம் என்று சொல்லி யாரும் எளிதில் வழக்குப் போட முடியாதபடியும் சட்டம் இருக்கிறது. பதிலுக்கு அவன் மேல் ஒரு கட்டுப்பாடு. உயர்தர விளைநிலத்தில் புதிதாகப் பண்ணைவீடு கட்ட வேண்டுமானால், அந்த நிலத்திலிருந்து ஆண்டுக்கு 80,000 டாலர் மொத்த வருமானம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று 1994-ல் விதி வந்தது. பணக்காரர் ஒருவர் இருபது ஏக்கர் வாங்கி நடுவில் மாளிகை கட்டிக்கொண்டு நாலு குதிரையை நிறுத்தி "நானும் விவசாயி" என்று சொல்லிவிடக் கூடாதென்றுதான்.

அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "உழுது காட்டு, அப்புறம் வீடு கட்டு. சரியாத்தான் வெச்சிருக்கான்." இதை ஊருக்குப் போன் செய்து சித்தப்பாவிடமும் சொன்னார்.

ஆனால் இந்தக் கோடு ஒருமுறை வரைந்து அப்படியே நின்றுவிடவில்லை. 1976, 1978, 1982 என்று மூன்று முறை இதை ஒழித்துக்கட்ட வாக்கெடுப்பு வந்தது. மூன்று முறையும் மக்கள் காப்பாற்றினார்கள். 1982-ல் ஆரிகன் கடும் பொருளாதாரச் சரிவில் இருந்தது, மரத்தொழில் படுத்துவிட்டது, வேலையில்லாதவர்களிடம் "இந்தச் சட்டம்தான் காரணம்" என்று சொல்வது சுலபம். மக்கால் அப்போது பதவியில் இல்லை, புற்றுநோய் முற்றியிருந்தது. அந்த உடம்போடு சட்டத்துக்காகப் பிரசாரம் செய்தார். நவம்பரில் சட்டம் தப்பியது. 1983 ஜனவரி 8 அன்று அவர் இறந்தார். அந்தப் பேச்சுக்குச் சரியாகப் பத்து வருஷம்.

சட்டத்துக்கு உண்மையிலேயே அடி விழுந்தது 2004-ல். அளவை 37 என்று ஒரு வாக்கெடுப்பு. நீங்கள் நிலம் வாங்கிய பிறகு வந்த விதியால் அதன் மதிப்புக் குறைந்தால், அரசு அந்த நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் விதியைத் தளர்த்த வேண்டும். பிரசாரத்தில் முன்னால் நின்றது தொண்ணூறைத் தாண்டிய ஒரு மூதாட்டி. சட்டம் வருவதற்கு முன்பே வாங்கிய தன் நிலத்தைப் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு மாநிலமே இரங்கியது. 61 சதவீதம் ஆதரவு.

அப்பா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தம்மா சொல்றதும் நியாயம்தானேடா" என்றார்.

நியாயம்தான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தன் சொத்து முழுவதும் நிலமாகவே இருக்கிற மனிதனிடம் போய் "ஊருக்காக நீ வெச்சுக்கோ" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. கோட்டுக்கு உள்ளே விழுந்தவன் ஒரே இரவில் கோடீஸ்வரன். பத்தடி தள்ளி விழுந்தவனுக்கு அதே மண்தான். இந்த அநியாயத்துக்கு ஆரிகன் சட்டம் முப்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அதன் பலனைத்தான் 2004-ல் அனுபவித்தது.

ஆனால் மூதாட்டிக்காகத் திறந்த கதவில் வேறு கூட்டம் நுழைந்தது. ஏறத்தாழ ஏழாயிரம் கோரிக்கைகள். இழப்பீடு கொடுக்க அரசிடம் பணம் கிடையாது. ஆகவே விதியைத் தளர்த்துவது ஒன்றே வழி. பேரப்பிள்ளைக்கு ஒரு வீடு என்று நினைத்து வாக்களித்தவர்கள், பக்கத்துப் பண்ணையில் நூற்றுக்கணக்கில் வீடு போட விண்ணப்பம் வந்ததைப் பார்த்துத் திகைத்தார்கள். 2007-ல் அளவை 49 வந்தது: ஒன்று முதல் மூன்று வீடுவரை சுலபமாகக் கட்டிக்கொள்ளலாம், சில நேர்வுகளில் பத்துவரை, பெரிய மனைப்பிரிவு கிடையாது. 62 சதவீதம் ஆதரவோடு நிறைவேறியது. அதைத் தயாரித்த சட்டமன்றக் குழுவின் இணைத்தலைவர்களில் ஒருவர் கிரெக் மக்பெர்சன். பால்பண்ணைக்காரரின் மகன். அப்பன் போட்ட வேலியில் மகன் ஒரு திட்டிவாசல் வைத்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

இனி சொல்லப்போவது என் சொந்த இடறல். எங்கள் வீடு நிற்கும் நார்த் பெத்தனி, 2002-ல்தான் கோட்டுக்குள் வந்தது. அதற்கு முன் அதுவும் சாலைக்கு அந்தப் பக்கம் மாதிரிதான் இருந்தது. என் சமையலறைக்குக் கீழே இருப்பது அப்பா விரலில் நசுக்கிப் பார்த்த அதே மண். ஆகையால் கோட்டைப் பற்றிப் பேச எனக்கு ஒரு கடமை உண்டு: உள்ளே வந்துவிட்ட நான், இனி வருகிறவனுக்கு எவ்வளவு இடம் விடுகிறேன்?

நாலைந்து வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு விசாரணைக் கூட்டம் நடந்தது. போனேன். வந்திருந்தவர்களில் பலரை எனக்குத் தெரியும். வயலைக் காப்பாற்றக் கையெழுத்துப் போட்டவர்கள். ஒவ்வொருவராக எழுந்து போக்குவரத்து, நிழல், பள்ளிக்கூட நெரிசல் என்று அடுக்கினார்கள். ஒருவர் "இங்கே வாடகைக்காரர்கள் வந்தால்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. நான் வந்த புதிதில் ஆறு வருஷம் வாடகைக்குத்தான் இருந்தேன். எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

ஆரிகன் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். 3-ஆம் இலக்கையும் 10-ஆம் இலக்கையும் சட்டம் ஒரு ஜோடியாகத்தான் படைத்தது. வெளியே பரவாதே என்றால் உள்ளே நெருங்கி இரு என்று பொருள். 1981-லேயே போர்ட்லண்ட் வட்டார நகரங்கள் புது வீடுகளில் பாதியாவது சுவர் ஒட்டிய வீடுகளாகவோ அடுக்குமாடிகளாகவோ கட்ட இடம் விட வேண்டும் என்று விதி போட்டார்கள். ஆனாலும் ஊருக்குள்ளே பெரும்பாலான தெருக்களில் ஒரு மனைக்கு ஒரு வீடு என்பதுதான் நடைமுறை. வெளிக்கோட்டை உறுதியாகப் பிடித்த கை, உள்ளே பூட்டுகளைத் தொடவில்லை. 1970-ல் சுமார் 21 லட்சமாக இருந்த மாநில மக்கள்தொகை 2020-ல் 42 லட்சத்தைத் தாண்டியது. வாடகை ஏறியது, வீடில்லாதவர்கள் பாலத்தடியில் கூடாரம் போட்டார்கள். எல்லாரும் கோட்டைக் கைகாட்டினார்கள். கோட்டின் மேல் பாதிப் பழிதான் நியாயம் என்பது என் எண்ணம். மீதி, தன் தெருவில் இன்னொரு வீடு வேண்டாம் என்று சொன்ன எங்களைப் போன்றவர்களுடையது.

2019-ல்தான் அந்தப் பூட்டு உடைந்தது. ஒரு மனையில் ஒரு குடும்பம் மட்டும் என்கிற விதியை மாநிலம் முழுக்க எடுத்த முதல் அமெரிக்க மாநிலம் ஆரிகன். 10,000-க்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் இரட்டை வீடு; பெரிய நகரங்களிலும் போர்ட்லண்ட் வட்டாரத்திலும் நாலு வீடுவரை. நாற்பத்தாறு வருஷம் தாமதமாக வந்த நீதி.

தாமதத்துக்கு விலை உண்டு. 2023-ல் சிப் ஆலைகளை ஈர்க்க, கோட்டை நேரடியாக நகர்த்தும் அதிகாரத்தை ஆளுநருக்குச் சட்டமன்றம் கொடுத்தது. எங்கள் பக்கத்து ஹில்ஸ்போரோவில் சுமார் 370 ஏக்கர் விளைநிலம் பேச்சில் அடிபட்டது. நான் பிழைப்பதே அந்தத் தொழிலில். கூட வேலை பார்ப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேச நாக்கு எழாது. கடைசியில் ஆளுநர் டீனா கோடெக் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. 2024 முடிவில் அது காலாவதியானது. அதே 2024-ல், நகரங்கள் ஒருமுறை மட்டும் சுருக்கு வழியில் கோட்டை விரித்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. அப்பா இங்கே இருந்த அந்த மே மாதத்தில், இருபது நிமிடத் தொலைவில் உள்ள நார்த் பிளெயின்ஸ் என்கிற சிற்றூரில் வாக்கெடுப்பு. கோட்டைச் சுமார் 850 ஏக்கர் விரிக்க நகர மன்றம் முடிவெடுத்திருந்தது. மக்கள் பெருவாரியாக வேண்டாம் என்றார்கள். அப்பா அந்தச் செய்தியை என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிளாட் வேண்டாம் என்று ஓட்டுப் போட முடியும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது.

மற்ற மாநிலங்களின் கதையும் கொஞ்சம் படித்தேன். ஹவாய் 1961-லேயே மாநிலம் முழுவதையும் வகை பிரித்தது. வெர்மான்ட் 1970-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாஷிங்டன் மாநிலம் 1990-ல் ஆரிகன் வழியில் வந்தது. மனசில் தங்கியது ஃப்ளோரிடா. 1985-ல் ஆரிகனைப் போலவே மாநில மேற்பார்வையோடு வலுவான சட்டம் போட்டார்கள். 2011-ல் அந்த மேற்பார்வைத் துறையையே கலைத்துவிட்டார்கள். எந்தப் பெரிய கூட்டமும் அதைக் காக்கத் திரண்டு நிற்கவில்லை. ஆரிகனில் மக்கால் பதவி விட்டு இறங்கிய 1975-லேயே, சட்டத்தைக் காவல் காக்கவென்று 'ஆயிரம் நண்பர்கள்' என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். இன்றும் கோட்டை நகர்த்தப் பார்த்தால் பல நேரம் அவர்கள் வழக்கோடு வந்து நிற்கிறார்கள்.

ஜூலையில் குளோவர் அறுவடை. இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருந்தது; அறுவடை இயந்திரம் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடியது. எங்கள் தெருக் கார்கள் மேல் எல்லாம் புழுதி. அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பண்ணைக்காரர் தண்ணீர் குடிக்க வந்தார். எழுபதை ஒட்டிய வயது. நான் அறிமுகம் செய்துவைத்தேன். அப்பா என் மூலமாகக் கேட்டார்:

"நிலம் உங்களுதா?"

பாதிதான் அவருடையது, மீதி குத்தகை.

"வந்து கேட்பாங்களே, விலைக்கு?"

முன்பு வருஷத்துக்கு நாலு பேர் வருவார்களாம். அப்போதெல்லாம் தண்ணீர்க் குழாய் பதிக்கக்கூட யோசிப்பாராம். நாளைக்குக் கோடு நகர்ந்தால் போட்ட காசு மண்ணோடு போகும். 2007-ல் ஒரு சட்டம் வந்தது; அதன்படி 50 வருஷத்துக்கு நகரம் தொடக் கூடாத நிலங்கள் என்று ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். தன் நிலம் அதில் விழுந்த பிறகு யாரும் வருவதில்லை என்றார். பிறகு கையை நீட்டி, குளோவர் வயலுக்கு அப்பால், சரிவில் நின்ற சின்னச் சின்ன மரங்களைக் காட்டினார்.

"ஹேசல்நட்" என்றார். "நாலைந்து வருஷம் ஆகும், காய்க்க. அப்புறம் என் பேத்தி காலம் வரைக்கும் காய்க்கும்."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அப்பா கையமர்த்தினார். விற்கப்போகிற நிலத்தில் எவனும் தென்னம்பிள்ளை வைக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்து சாலையின் விளிம்புவரை போய் நின்றுகொண்டு, மங்கிய வெளிச்சத்தில் அந்தக் கன்றுகளை வரிசை வரிசையாக எண்ண ஆரம்பித்தார்.